மூன்றாம் நாள் மண்வெட்டி

அன்புள்ள எல்லாருக்கும்,

தான்சானியாவில் மோஷி என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் மூன்று மாதம் தொண்டாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நன்றி சொல்ல வேண்டியவர்களின் விவரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. 2024 ஜனவரியில் விமானம் ஏறிய அன்றே ‘கடன்’ என்று தலைப்புப் போட்டு அந்த நோட்டை ஆரம்பித்துவிட்டேன். யார், என்ன செய்தார்கள், எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும். மோஷியில் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி அனுப்பியாகிவிட்டது. ஆனால் நன்றி என்பதை நீட்டி முழக்கிச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும்.

முதலில் நம்மூர்ப் பக்கம். அறுபது வயதில் தனியாக ஆப்பிரிக்காவா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் கொசுவலையோடு வந்து நின்ற என் மகளுக்கு நன்றி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு வரிசையில் நின்றபோது, படிவம் நிரப்பப் பேனா கொடுத்துவிட்டு வாங்காமலே போன தம்பிக்கும் நன்றி. அந்தப் பேனாவில்தான் நோட்டின் முதல் பக்கம் எழுதினேன்.

இனி தான்சானியா.

ஏற்பாடு செய்து தருவதாகப் பணம் வாங்கிய இடைத்தரகர்கள், விமான நிலையத்தில் ஆள் நிற்கும், தங்க அறை தயார் என்று சொல்லியிருந்தார்கள். கிலிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கினால் ஆளும் இல்லை, அறையும் இல்லை, போனை எடுக்கவும் யாரும் இல்லை. அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி. வாசலில் ஒன்றரை மணி நேரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை ‘போலே’. சுவாஹிலியில் அது மன்னிப்புக் கேட்கிற வார்த்தை இல்லை. தடுக்கி விழுந்தாலும், தும்மினாலும், தலையில் சுமையோடு எதிரே வந்தாலும் ‘போலே’தான். நாம் ‘அடடா’ என்போமே, கிட்டத்தட்ட அது. தப்பு யார் மேல் என்ற பேச்சே அதில் இல்லை. உன் சிரமம் என் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் என்னை அவர் இறக்கிவிட்டது தன் அக்கா வீட்டில். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ‘கரிபு’ என்றார், வாங்க என்று. ஒரு ராத்திரிக்கு என்று போனவள் மூன்று மாதம் இருந்துவிட்டேன்.

மாமா, (அங்கே தாயை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் மாமாவை நினைத்து நான் சிரித்ததை நீங்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை) உங்களுக்குத்தான் நோட்டில் ஒன்பது பக்கம். நான் சைவம் என்று சொல்ல ‘சிலி நியாமா’ என்று மனப்பாடம் செய்து வந்திருந்தேன். கறி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். கோழி கறியில் சேர்த்தியா என்று கேட்டீர்கள். சேர்த்தி என்றதும் அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் பேசாமல் நின்றீர்கள். மறுநாளிலிருந்து எனக்கென்று தனிச் சட்டி. மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேக வைத்த மக்கண்டே, கீரை, மக்காச்சோள மாவில் கிண்டும் களியான உகாலி. அந்தக் கீரையை ம்ச்சிச்சா என்றீர்கள்; நான் பார்த்தவுடன் தண்டுக்கீரை என்று கத்திவிட்டேன். வாழைக்காயும் கறியும் போட்டுக் கடையும் ம்தோரியை எனக்காக ஒரு நாள் கறி இல்லாமல் வைத்தீர்கள். ருசி பார்த்துவிட்டு, இது ம்தோரி இல்லை, வாழைக்காய்த் தண்ணீர் என்று நீங்களே சொன்னீர்கள். உண்மைதான். இருந்தாலும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை நீங்கள் செய்ததுதான் எனக்கு மறக்கவே மறக்காது. வீட்டைச் சுற்றி உங்கள் சாகா மக்களின் தோட்டம். மேலே நிழல் மரம், அதன் கீழ் வாழை, வாழைக்குக் கீழ் காபி, காபிக்கும் கீழே சேம்பு, ஓரத்தில் தொழுவத்தில் மாடு. நான் லால்குடிப் பக்கத்து வாழைத்தோப்பில் வளர்ந்தவள். ஒரே நிலத்தில் மாடி மேல் மாடி கட்டினாற்போல இப்படி ஒரு வெள்ளாமையைப் பார்த்ததில்லை. வாயைப் பிளந்து நின்றவள் கையில் மண்வெட்டியைத் திணித்து, பீன்ஸ் பாத்தியைக் காட்டினீர்கள். உங்கள் ஊர்ப் பழமொழியாம்: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. தான்சானியாவின் முதல் ஜனாதிபதி நியெரேரேகூடத் தன் கட்டுரை ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு பள்ளியில் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அதற்கு மேல் இருந்தால் கிளம்பு என்று அர்த்தம். உங்கள் ஊரிலோ, இருக்கலாம், ஆனால் கொத்து. எனக்கு உங்கள் கணக்குத்தான் பிடித்திருக்கிறது. அந்த மண்வெட்டிக்குக் காம்பு நீளம். நம் மண்வெட்டிபோலக் குனிந்து வெட்டப் போய் என் நெற்றியில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன். ‘போலே’ என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

பள்ளிக் கதைக்கு வருகிறேன். தலைமை ஆசிரியை அம்மாவுக்கு முதலில் ஒரு மன்னிப்பு. முதல் ஆசிரியர் கூட்டம் ‘சா ம்பிலி’ என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். ம்பிலி என்றால் இரண்டு என்று தெரியும். பட்டுக்கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு வந்து நின்றேன். கூட்டம் காலை எட்டுக்கே ஆரம்பித்து முடிந்திருந்தது. அங்கே மணியைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, எட்டு மணி இரண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் எழும். கணக்குச் சரியாக வரும். நாழிகையை உதயத்திலிருந்து எண்ணிய பரம்பரையில் வந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? ஆறு மணி நேரம் தாமதமாக வந்த புது டீச்சரை நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. இந்த வெயிலில் நடந்தா வந்தீர்கள், போலே என்றுவிட்டுத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் இந்த மடலில் முக்கியமானது.

நான் இருந்தபோது தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஏழு வருஷம், ஆங்கிலப் பாடம் தவிர எல்லாம் சுவாஹிலியில். எட்டாவது வருஷம், அதாவது ஃபாரம் ஒன், கால் வைத்ததும் சுவாஹிலிப் பாடம் தவிர அத்தனையும் ஆங்கிலத்தில். 2016 முதல் அரசுப் பள்ளியில் ஃபாரம் ஃபோர் வரை கட்டணம் கிடையாது. நல்ல காரியம், ஆனால் வகுப்பில் நெரிசல். என் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். முதல் நாள் முக்கோணத்தின் பரப்பளவை அழகாக, நிறுத்தி நிதானமாக, என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் நடத்தினேன். அறுபத்திரண்டு முகத்திலும் மரியாதை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளம் கணக்கு வாத்தியார் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: ‘பெம்பேதாத்து’. வகுப்பு முழுக்க ‘ஆ...’ என்றது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். பெம்பே என்றால் மூலை, தாத்து என்றால் மூன்று என்றார். முக்கோணம்! சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நானும் தமிழ் மீடியம்தான். பிளஸ் டூவின் முதல் செட். 1980-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. கணக்குச் சேர்ந்த முதல் வாரம், பேராசிரியர் ‘ஹைபாட்டெனியூஸ்’ என்று நாலு தடவை சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி குனிந்து, ‘கர்ணம்டி’ என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் என் டிகிரி ஆரம்பித்தது. அவளுக்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை. இந்த மடல் அவள் கண்ணில் பட்டால், உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி, உங்களை வாத்தியார் என்று கூப்பிட்டுப் பழகியதால் அப்படியே எழுதுகிறேன். நீங்கள் உங்கள் இரண்டு பீரியடையும் நடத்திவிட்டு, டீ குடிக்கிற நேரத்தில் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். சாயங்காலம் எனக்குச் சுவாஹிலிக் கணக்குச் சொற்களை எழுதிக் கொடுத்தீர்கள். கணக்குக்கு ஹெசாபு, வட்டத்துக்கு துவாரா. கால் என்பதற்கு ரோபோ. முக்காலுக்கு ரோபோ தாத்து, மூன்று கால். நாமும் அப்படித்தானே சொல்கிறோம் என்று நான் குதித்தபோது, பாவம், உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நூறாயிரத்துக்கு லாகி என்றதும் என் கண்ணில் தண்ணீர் வந்ததற்கும் காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: எங்களுக்கு அது லட்சம். இந்தியாவிலிருந்து கடலேறிப் போன சொல் அது. எனக்கு முன்னாலேயே உங்கள் ஊரில் இறங்கி, வீடு வாசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பில் சுவாஹிலி பேசுவது விதிப்படி சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். பேசினீர்கள். ஜன்னல் பக்கம் போன தலைமை ஆசிரியை அம்மா அந்த நேரம் பார்த்து மலையைப் பார்த்தார். அதற்கும் நன்றி.

உண்மையைச் சொன்னால், மார்ச் பாதியில் அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்தது என்னால் இல்லை. நான் செய்தது அறுபத்திரண்டு நோட்டையும் தினம் திருத்தியது. அதற்கு உங்களுக்கு நேரம் இல்லை, எனக்கு இருந்தது. பள்ளியிலும் மூன்றாம் நாள் எனக்குக் கிடைத்த மண்வெட்டி அதுதான்.

எங்கள் பிள்ளையும் போகலாமா என்று இங்கே கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டூரிஸ்ட் விசாவில் போய்த் தொண்டு செய்யாதீர்கள். அதற்கென்று சி வகை அனுமதி இருக்கிறது, பள்ளி வழியாகவே வாங்குங்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதை இங்கேயே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வரும் திட்டம் இருந்தால் தயவு செய்து வேண்டாம். ஒட்டிக்கொண்ட குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்கள் நீங்கள். அடுத்தவர் வந்து அதையே செய்வார்.

மழை பிடித்ததும் செம்மண் சரிவு சோப்புக் கட்டி ஆகிவிட்டது. ஒரு காலை சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப்போனது. ‘ஷிகமூ, ம்வாலிமு’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டே வந்த இரண்டு மாணவிகள்தான் தூக்கினார்கள். (ம்வாலிமு என்றால் டீச்சர். ஷிகமூ என்பது ‘காலைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்ததாம். அன்றைக்கு நிஜமாகவே பிடித்தார்கள்.) ‘போடாபோடா’ என்கிற பைக் டாக்ஸி ஓட்டும் பையன் பைக்கில் உட்கார வைத்து ஆமை வேகத்தில் மருந்தகத்துக்குக் கொண்டுபோனான், காசு வாங்கவில்லை. கட்டுப் போட்ட நர்ஸம்மா, திண்ணையில் பத்து நாள் என்னைச் சகித்துக்கொண்டதற்கு நன்றி. கிலிமஞ்சாரோ ஏறினாயா என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். உச்சி 5,895 மீட்டர். நான் ஏறியது உங்கள் திண்ணை வரை. காலையில் மேகம் கூடுவதற்கு முன் அங்கிருந்து பனி மூடிய தலை தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

உங்கள் மருந்தகத்து வாசலில் நின்ற ம்லோங்கே மரம் எங்கள் முருங்கை. தாரெஸ்ஸலாமில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் பஸ்ஸில் கொடுத்துவிட்ட சாம்பார் பொடியால் அந்த மரத்துக் காயில் சாம்பார் வைத்தேன். மாமா காயை முழுசாக மென்று விழுங்கப் பார்த்தார். சக்கையைத் துப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. சாம்பார் பொடி அனுப்பிய குடும்பத்துக்கு நன்றி. அடுத்த தடவை கொஞ்சம் பெருங்காயமும்.

கடைசியாக இரண்டு பாக்கி. அங்கே 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் சாமான்களையெல்லாம் மஞ்சப்பையில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒன்றை மாமா எடுத்துக்கொண்டார். சந்தைக்கு அதைத்தான் கொண்டு போகிறாராம்; போன வாரம் படம் அனுப்பியிருந்தார். பை நிறைய வாழைக்காய், அதன் மேல் என் நாத்தனார் மகள் கல்யாணத்துத் தேதியும் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்ற வரியும் பளிச்சென்று தெரிகின்றன.

இன்னொன்று, தலைமை ஆசிரியை அம்மா, உங்கள் கறுப்புக் குடை. மழைக்கு வாங்கியது, பெட்டியில் வந்துவிட்டது. டிசம்பரில் தாரெஸ்ஸலாம் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். கைப்பிடி இங்கே வரும்போது கழன்றுவிட்டது, திருச்சியில் ஒட்டிவிட்டேன். போலே.

இப்படிக்கு,
உங்கள் ‘ம்வாலிமு’
லால்குடி