பொடி அரைக்கிறவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஏற்றுமதியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி என்று உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. படத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் முதலாளிகள், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் விருதுநகர் பக்கம் ஒரு பொடிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எங்கள் இட்லிப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி அமெரிக்காவுக்குப் போகிறது. அந்தப் படத்தில் எங்கள் மில் ஆட்களைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2011-ல் கொண்டுவந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2015-ல் தடுப்புக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சரக்கு முடிந்த பிறகு லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கினால் மட்டும் போதாது. எந்த இடத்தில் என்ன கெடும் என்று முன்கூட்டியே யோசித்து, எழுதி, தடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தைத் தயாரிக்க பி.சி.க்யூ.ஐ., அதாவது தடுப்புக் கட்டுப்பாட்டில் தகுதி பெற்ற ஒருவர் வேண்டும். அதற்காக நான் போன வகுப்பு முழுக்க ஆங்கிலம். நல்ல வகுப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கேற்ற பயிற்சி வேண்டும், அதற்குப் பதிவும் வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பல இடங்களில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுகிறார்கள்.

2023 ஜனவரி முதல் எள்ளும் அங்கே முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. இட்லிப் பொடியில் எள் இருப்பது பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதே மில்லில் அடுத்து ரசப் பொடி அரைத்தால்தான் வம்பு; ஒட்டியிருக்கும் எள் அதிலும் கலந்துவிடும். எள் சேராததை முதலில் அரைக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியாகிவிட்டது. ஆர்டர் அவசரத்தில் எதை முதலில் கொட்டுவது என்று முடிவு செய்கிறவர் மில்லில் நிற்கும் அண்ணன். பெருங்காயம் இதைவிட மோசம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். கோதுமையும் அந்தப் பட்டியலில் உண்டு. அரிசி மாவு சேர்த்தது தீர்ந்துவிட்டது என்று ஸ்டோரில் இருப்பவர் வேறு டப்பாவை எடுத்துக் கொடுத்தால், அச்சடித்து வைத்த லேபிள் அந்த நிமிடமே தப்பாகிவிடும்.

அப்புறம் தண்ணீர். நம் ஆட்களுக்குச் சுத்தம் என்றாலே வாளியும் துடைப்பமும்தான். பொடி ஆலைக்கு அது ஆகாது. சால்மோனெல்லா காய்ந்த பொடியில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஈரம் கிடைத்தால் பெருகும். வறுக்கும் சூட்டில் கிருமி செத்தாலும், வறுத்த பக்கத்தில் தரையைக் கழுவினால், அல்லது வறுக்காத மிளகாய் வற்றல் கிடக்கும் பக்கம் போய்வந்த செருப்போடு உள்ளே நுழைந்தால், வறுத்ததற்குப் பலனில்லை. பிரஷ், வாக்குவம் கிளீனர் போதும் என்று சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "கழுவாம எப்படிம்மா சுத்தமாகும்?" நியாயமான கேள்வி. கொஞ்சம் பொடியில் தண்ணீர் தெளித்து மூடி வைத்து, சில நாள் கழித்துப் பூசணத்தைக் காட்டினால் அவருக்குப் புரியும். ஸ்லைடில் புரியாது.

மெட்டல் டிடெக்டர் ரெஜிஸ்டரை ஏழு வேலை நாளுக்குள் நான் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சரி. ஆனால் ராத்திரி ஷிப்டில் சோதனைக்கான உலோகத் துண்டைப் போட்டும் டிடெக்டர் கத்தவில்லை என்றால், கடைசியாகச் சரியாகக் கத்திய நேரத்திலிருந்து வந்த பாக்கெட் அத்தனையையும் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த முடிவு பத்தாவது படித்த ஒரு தம்பியின் கையில் இருக்கிறது.

தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது. அவர்கள் ஆலைக்கே வந்து, மில் ஓடும்போது, தமிழில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். ரெஜிஸ்டர் தலைப்புகளும் தமிழில் இருக்கட்டும். பாக்கெட் கணக்குக்குக் கூலி வாங்கும் பெண்களுக்குப் பாதி நாள் பயிற்சி என்றால் பாதி நாள் கூலி போகிறது. அதை யார் கொடுப்பது என்று முதலாளிமார் முதலில் பேசி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்.