நோயின் பெயரை எழுதுமுன்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

"நெஞ்சு பதகளிக்குது, உடம்பு ஏலாது, நித்திரை இல்லை." மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் ஒருவர் இப்படிச் சொன்னதும் கொப்பியில் 'மனச்சோர்வு' என்று எழுதிவிடக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 நூலின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, 2 கிழமைக்கு, ஏறத்தாழ நாள்தோறும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும். அவற்றால் கடும் வேதனையோ அன்றாட வாழ்வில் குழப்பமோ ஏற்பட்டிருக்கவும் வேண்டும்.

தைராயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே களைப்பைத் தரும். இரத்தப் பரிசோதனை தேவை. குடிப்பழக்கம், ஸ்டீரொயிட் மாத்திரை பற்றியும் விசாரிக்க வேண்டும்.

பெரும்பாலும் விடுபடுவது ஒரு கேள்விதான்: "முன்பு எப்போதாவது தொடர்ந்து நாலைந்து நாள், கொஞ்ச நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாமல் கதைத்து, காசை அள்ளி இறைத்தீர்களா?" நோயாளிக்கு அது நோயாகவே தோன்றாது, 'நல்லா இருந்த காலம்' என்பார். அதனால் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். இப்படி அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் வெவ்வேறு காலங்களில் வருவது இருதுருவ நோய். அதைத் தவறவிட்டு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்குப் பித்துநிலை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகம் கடுமையாக, கிளம்பிவிடும்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாதபோது மகளை மொழிபெயர்க்க வைக்கிறார்கள். சாக நினைத்ததை எந்தத் தாய் மகளின் வாயால் சொல்வாள்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும்.

எந்த அறிகுறி, எப்போதிருந்து, எதை ஏன் விலக்கினோம் என்று கொப்பியில் நாலு வரி எழுதினால், அடுத்த கிளினிக்கில் இருக்கும் வைத்தியர் அதைச் சரிபார்க்கலாம், தேவையானால் மாற்றலாம்.

உளநல ஊழியர் ஒருவர்,
திருகோணமலை