போட்டோஸ்டாட் கடை அண்ணனுக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். வெள்ளம் வடிந்தும் சுவரில் சேற்றுத் தடம் இன்னும் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது, அடுப்பு எரிகிறது, அம்மா தன் கட்டிலிலேயே தூங்குகிறார். நடந்ததைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லவும் தேவையில்லை. நன்றியை மட்டும் இந்தச் சூட்டோடு சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றிய எதிர்வீட்டுத் தம்பிகள், கோயில் இளைஞர் குழுவினர், பக்கத்து சூராவிலிருந்து (சிறிய தொழுகைக்கூடம்) பொட்டலம் பொட்டலமாக நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கொண்டுவந்த பெண்கள், சீக்கியர்களின் குருத்துவாராவிலிருந்து சுடச்சுடச் சப்பாத்தியும் பருப்பும் அனுப்பியவர்கள், துடைப்பமும் தண்ணீர் பம்பும் தூக்கிக்கொண்டு கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவு வேலைக்கு வந்து நின்ற என் பழைய மாணவர்கள், பெயர் போடாமல் என் கணக்கில் பணம் போட்டவர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. உங்களில் பாதிப்பேரின் முகம் எனக்குத் தெரியும். மீதிப் பேரை ஒருநாள் தெரிந்துகொள்வேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பெயரும் கடைப் பெயரும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் போட்டோஸ்டாட் கடை, அதாவது தாள்களைப் பிரதி எடுத்துத் தரும் கடை, வைத்திருக்கும் அண்ணன் அவர்.

கீழ் அறை இரும்பு அலமாரியில்தான் என் பாடத்தாள்கள் எல்லாம் இருந்தன. ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து கையால் எழுதி, படம் வரைந்து, வெட்டி ஒட்டிச் சேர்த்தவை. தண்ணீர் வடிந்தபின் அவற்றை மண்வாரியால்தான் அள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பத்துக்கு வேனும் போய், அதை வைத்து ஓட்டிய பிழைப்பும் போயிருந்தது. அவர்கள் முன்னால் காகிதத்துக்கு அழ எனக்கு மனம் வரவில்லை.

வீட்டைக் கழுவி முடித்த மறுநாள் மாலை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணன் இறங்கி, ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். “டீச்சர், தண்ணி ஏறிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். உங்க தாள் எல்லாம் போயிருக்கும்னு தோணுச்சு. நம்ம கடையில ஒரு செட் இருக்கு, எடுத்துட்டு வந்துட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விவரம் சொன்னார். பிரதி எடுக்க எடுக்க மூலத்தாள் அழுக்காகும், ஓரம் கிழியும், எழுத்து மங்கும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் இன்னும் மோசம். அதனால் நான் புதிதாக எந்தத் தாளைக் கொடுத்தாலும், முதலில் வரும் நல்ல பிரதி ஒன்றை எடுத்து அவர் தனியாக வைத்துவிடுவாராம். என்றாவது என் தாள் வீணாகிப்போனால் உதவட்டும் என்று, கடை திறந்த காலத்திலிருந்து. என்னிடம் சொன்னதுமில்லை, அதற்குக் காசு வாங்கியதுமில்லை.

அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல்முறை நான் தாள் கொடுத்தபோது, வாக்கியத்தின் முன்னால் கேள்விக்குறி தலைகீழாக நிற்பதைப் பார்த்து இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, முழுக்கட்டையும் மறுபடி அடித்துவைத்திருந்தார். அது அந்த மொழியின் வழக்கம், 1754-இல் ஸ்பெயினின் மொழி அகாடமி கொண்டுவந்தது, நீளமான வாக்கியத்தில் கேள்வி எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்கு முன்கூட்டியே தெரியத்தான் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலைகீழ்க் குறியை வைத்துத்தான் அத்தனை ஆண்டுகளும் கடையில் குவியும் காகிதங்களுக்குள் என் தாளைப் பிரித்தெடுத்தாராம்.

பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘சின்னப் பிள்ளைங்க’, ‘ஸ்கூல்’, ‘யூனி’, ‘பரீட்சை’, ‘ஆபீஸ்’, ‘பென்ஷன்’. கடை முன்னால் நின்றுகொண்டு “அண்ணே, இது யூனிக்கு, நாளைக் காலையில வேணும்” என்று நான் சொன்னதை வைத்தே வகை பிரித்திருக்கிறார்.

அன்று இரவு முழுக்க உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். மழலையர் பள்ளித் தாள்களில் ஸ்பெயின் புத்தகத்துத் திராட்சைக்குப் பதிலாக நான் வரைந்த ரம்புத்தானும் மங்குஸ்தீனும் இருந்தன. அகரவரிசைத் தாள் இரண்டு விதமாக இருந்தது. பழையதில் 29 எழுத்து, புதியதில் 27. 2010-இல் அகாடமியின் புதிய எழுத்திலக்கணம் ‘சே’ (ch), ‘எல்யே’ (ll) இரண்டையும் தனி எழுத்துகள் இல்லை என்று தீர்த்துச் சொன்னபோது திருத்தி எழுதியது. ஐஜிசிஎஸ்இ என்னும் பன்னாட்டுப் பள்ளித் தேர்வு எழுதிய பிள்ளைகளின் கட்டுரைப் பயிற்சி. பல்கலைக்கழக மாணவர்களுக்கான சப்ஜங்டிவ் தாள்கள், ஆசையையும் ஐயத்தையும் சொல்லும்போது வினை தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும் பகுதி. அதை மட்டும் எத்தனை முறை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன்! டெலே என்னும் ஸ்பானிஷ் மொழிச் சான்றிதழ்த் தேர்வுக்கான மாதிரித் தாள்கள். அதன் பெரும்பாலான நிலைகளில் படிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்டலும் பேச்சும் ஒரு பிரிவு, ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். மெக்சிகோ, பெரு, சிலி என்று வியாபாரம் பேசப் போனவர்களுக்கான உரையாடல்கள். ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடைப்பயணம் போக ஆசைப்பட்ட செந்தூல் தம்பதிக்கு எழுதிக்கொடுத்த, வழி கேட்கும் வாக்கியங்கள். செப்பாங் பந்தயத் திடலில் ஸ்பெயினின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க் மார்க்கேஸைப் பார்த்தால் அவர் மொழியிலேயே பேசியாக வேண்டும் என்று வந்த பையனுக்கான தாள்கூட இருந்தது.

பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய வேலை, குழந்தைகளுக்குப் பாட்டும் நிறமும் சொல்லித்தருவது சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை. ஒன்றுமே தெரியாதவர் முன்னால் முதல் வகுப்பில் நிற்பதுதான் இன்றைக்கும் எனக்குக் கடினமான வேலை. அண்ணன் அதைப் பார்த்தவர்போல எல்லாப் பெட்டியையும் ஒரே அக்கறையோடு வைத்திருந்தார். ‘யூனி’ பெட்டிக்கு ஒட்டிய அதே பிளாஸ்டிக் உறைதான் ‘சின்னப் பிள்ளைங்க’ பெட்டிக்கும்.

“பேப்பர் காசாவது வாங்கிக்குங்க அண்ணே” என்றேன். “நீங்க அடிச்சப்ப கூட வந்த தாள்தானே டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஒரு தேநீர் மட்டும் குடித்தார். அதுவும் பக்கத்து வீட்டுக் கோப்பையில்.

அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அன்று என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. நான் உழைத்த காலமெல்லாம் சேற்றோடு போய்விட்டது, இந்த வயதில் மறுபடி எதற்கு, வகுப்புகளை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டியிருந்தேன். நீங்கள் வேனைத் திருப்பிக்கொண்டு போவதற்குள் அந்த முடிவு மாறிவிட்டது. உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு வாக்கும் கொடுக்கிறேன். தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய்க் கற்க வேண்டியதில்லை என்று வகுப்பில் ஓயாமல் சொல்வேன். ‘எனக்குத் தேநீர் பிடிக்கும்’ என்பதும் ‘மே குஸ்தா எல் தே’ என்பதும் ஒரே அமைப்பு. பிடித்தவருக்கு நான்காம் வேற்றுமை, அவ்வளவுதான். பிடித்தது பலவானால் ‘குஸ்தான்’ என்று வினை மாறுவதை மட்டும் தனியாகச் சொன்னால் போதும். ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான்தான் என்று தெரிவதுபோல ‘ஆப்லோ’ என்றாலும் தெரிந்துவிடும். இந்த வழியில் தொடக்க நிலைப் பாடங்கள் முழுவதையும் தமிழில் எழுதி முடிக்கப் போகிறேன். இவ்வளவு நாள் வாயால் சொன்னதை இனிமேல் தாளில் வைக்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு வருகிற வாரம் தொடங்குகிறது. வீடு சரியாகும்வரை கோயில் மண்டபத்தின் பின்னறையில் நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. பாடநூல் நனைந்துவிட்டது என்று யாரும் வராமல் இருக்க வேண்டாம். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்கள் யாராக இருந்தாலும், எந்தப் பெட்டி வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். பிரதி எடுத்து வைக்கச் சொல்கிறேன். எந்தக் கடையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள்,
ஸ்பானிஷ் டீச்சர்