1870 கேரன் அடுப்பு என்று விற்ற புது வார்ப்பு: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பழம்பொருள் விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: பழைய வார்ப்பிரும்பு விறகு அடுப்பு என்று சொல்லிப் போலியை விற்றது தொடர்பாக.

ஐயா,

உங்கள் இணையதளத்தில் "1870-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து கேரன் கம்பெனி, அசல்" என்று போட்டிருந்த விறகு அடுப்பை ரூ. 1,38,000 கொடுத்து வாங்கினேன். லாரி வாடகை ரூ. 9,500 தனி. போன மாதம் நான்கு ஆட்கள் சேர்ந்து இறக்கினார்கள். அது அசலும் இல்லை, பழசும் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். "பழைய பொருள்னா விரிசல் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார் உங்கள் ஆள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

நான் டீ ஃபேக்டரியில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். என் அப்பா குன்னூர் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். அந்தச் சமையலறையில் நீங்கள் படம் போட்ட அதே அமைப்பில் ஒரு அடுப்பு இருந்தது. அதன் கதவில் இருந்த கேரன் என்ற ஆறு எழுத்துதான் நான் விரலால் தடவிப் படித்த முதல் இங்கிலீஷ். கேஸ் வந்ததும் அடுப்பை உடைத்து எடைக்குப் போட்டார்கள். அப்பா ஒரு வட்ட மூடியை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். ஒன்பது அங்குல மூடி. அது இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உங்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தை யோசிக்காமல் போட்டதற்குக் காரணம் அந்த மூடிதான். பொய்யைக் காட்டிக் கொடுத்ததும் அதுவேதான்.

அடுப்பு வந்த அன்றே மூடியை அதன் வாயில் வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. வெர்னியர் வைத்து அளந்தால் வாயின் விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. ஃபவுண்டரி வாசல் மிதித்த எவனுக்கும் இதன் அர்த்தம் தெரியும். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். அதற்காகவே பேட்டர்ன், அதாவது மணலில் அச்சு எடுக்கும் மாதிரி, செய்கிற ஆசாரி சற்றுப் பெரிதாக அளக்கும் தனி ஸ்கேல் வைத்திருப்பார். பழைய அடுப்பின் பாகத்தையே பேட்டர்னாக மணலில் அழுத்தி வார்த்தால், வருவது நூற்றில் ஒரு பங்கு சின்னதாகத்தான் வரும். ஒன்பது அங்குலத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுத்தும் பூவேலையும் மழுங்கியிருப்பது அதே காரணத்தால்தான். அப்பாவின் மூடியில் ஓரக் கோடு இன்றைக்கும் நகத்தில் தட்டுகிறது. உங்கள் அடுப்பின் கதவில் இலை எது, காம்பு எது என்று தெரியவில்லை.

அடுத்தது வைரக் குறி, அதாவது சாய்சதுர வடிவ முத்திரை. "பின்பலகையில் வைரக் குறி உள்ளது, ஆகவே 1870" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் டிசைனைப் பதிவு செய்ததற்கு அடையாளமாக 1842 முதல் 1883 வரை அந்தக் குறி உண்டு, 1884-லிருந்து வெறும் வரிசை எண். அதுவரை சரி. ஆனால் வைரத்தின் உச்சியில் இருக்கும் சின்ன வட்டத்துக்குள் பொருளின் வகையை ரோமன் எண்ணில் போடுவார்கள். உலோகத்துக்கு ஒன்று. உங்கள் அடுப்பில் இருப்பது நான்கு. நான்கு பீங்கானுக்கு உரியது! யாரோ சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துக் குறியைப் பிரதி எடுத்து இரும்பில் ஒட்டியிருக்கிறார்கள். கோபத்தையும் மீறி அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போல்ட்டைக் கழற்ற 13-ஆம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டு மில்லிமீட்டர் போல்ட். 1870-ல் அந்த ஊரில் அங்குலக் கணக்கில் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவு மரைதான் புழக்கம். பிற்பாடு யாராவது போல்ட் மாற்றியிருக்கலாம் என்பீர்கள். வார்ப்பிலேயே துளை போட்டு வெட்டிய மரையும் மில்லிமீட்டர்தானே, அதையும் மாற்றினார்களா?

துருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கும் ஒரே ஆரஞ்சு நிறம், போல்ட் தலைக்கு அடியில்கூட. உப்புத் தண்ணீர் தெளித்து வெளியில் போட்டால் பத்து நாளில் வரும் துரு அது. உண்மையில் எரிந்த அடுப்பு ஒரே மாதிரி தேயாது. நெருப்புப் பெட்டிப் பக்கத்துத் தகடு வளைந்து மெலிந்திருக்கும், ரொட்டி சுடும் அறை (oven) பக்கம் தடித்தே இருக்கும். மூடி தூக்கும் கொக்கி நுழைகிற பள்ளம் ஒரு பக்கமாக வழவழவென்று இருக்கும். கதவுக் கீலின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அறுபது எழுபது வருடம் ஒரே கை ஒரே பக்கம் இழுத்த தடம் அது. ரசாயனம் தடவி அதைக் கொண்டுவர முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பற்ற வைத்தேன். முதல் நாள் சீகைச் சுள்ளி கொஞ்சம், மறுநாள் சற்றுக் கூட, இரும்பு மெல்லச் சூடேறட்டும் என்று. பெயின்ட் வாடை தாங்காமல் வீட்டுக்காரி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். மூன்றாம் நாள் "டிக்" என்று ஒரு சத்தம். பக்கத் தகட்டில் ஒன்றரை சாண் விரிசல். உள்ளே பார்த்தால் வார்ப்பில் விழுந்த ஓட்டையைக் கார் பட்டறையில் பூசுகிற பட்டியால் அடைத்துக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். அடுப்புக்குப் பட்டி!

கேரன் பெயரைப் போட்டதால் ஒன்று சொல்கிறேன். 1759-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி பீரங்கியும் வார்த்தது. தரம் சரியில்லை என்று 1773-ல் பிரிட்டிஷ் கப்பற்படையே அவர்கள் பீரங்கியை வேண்டாம் என்றது. அவர்கள் "பீரங்கின்னா வெடிக்கத்தான் செய்யும்" என்று போனில் சொல்லவில்லை. வார்ப்பைத் திருத்தினார்கள். பிறகு வந்த குட்டைப் பீரங்கிக்குக் கரோனேடு என்று அவர்கள் பெயரே நிலைத்தது.

புதிதாக வார்த்தது என்று சொல்லி, ஓட்டையில்லாமல் வார்த்து, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நான் வாங்கியே இருப்பேன். புது வார்ப்பில் தப்பில்லை. 1870 என்றதுதான் தப்பு.

எனவே அடுப்பின் விலையும் லாரி வாடகையும் சேர்த்து ரூ. 1,47,500 என் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். அடுப்பை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இணைய வணிக விதிகள் 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியவர் நீங்கள். "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்ற உங்கள் நிபந்தனை பழம்பொருளுக்குத்தான் பொருந்தும், இதற்கு அல்ல. பதில் இல்லையென்றால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது.

அளவுகள், வைரக் குறி, விரிசல், பட்டி எல்லாவற்றின் படங்களையும் ரசீது நகலையும் இணைத்துள்ளேன். அடுப்பு போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. லாரி அனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், இறக்கிய ஆட்களையே வரச் சொல்ல வேண்டும். ஏற்றும்போது வட்ட மூடி ஒன்று குறைகிறது என்று கணக்குச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அந்த மூடி என் அப்பாவுடையது.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்