வெண்கல வாளியும் நீர் ஊற்றியவர்களும்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே.

நான் இன்னும் லண்டனில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் பேரனோடு பிரிட்டிஷ் மியூசியம் போயிருந்தேன். அவனுக்கு மம்மிகளைப் பார்க்க வேண்டும். நானோ எகிப்தின் ஒரு வெண்கலப் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. சிட்டுலா என்கிறார்கள். நம் தூக்குவாளி மாதிரியே மேலே வளைந்த கைப்பிடி. அடிப்பகுதி குவிந்து, தாமரை இதழ் விரித்தது போலச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே மின், ஐசிஸ், நெஃப்திஸ் என்று தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. விளிம்பை ஒட்டிச் சூரியனின் படகு. அதைக் குள்ளநரிகள் இழுக்க, பபூன் குரங்குகள் கைதூக்கி வணங்குகின்றன. மெழுகில் உருச்செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தவை இவை.

பழைய எகிப்தில் மன்னரின் அமைச்சராக இருந்த இம்ஹோதெப்பின் கல்லறையைத் தேடி, 1964-இல் எகிப்தின் சக்காரா என்ற பழைய இடுகாட்டில் தோண்டத் தொடங்கினார் எமரி என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர். அது கிடைக்கவில்லை. ஆனால் புனித விலங்குகளைப் புதைத்த சுரங்கங்களும் இந்த மாதிரி வாளிகளும் கிடைத்தன. கோயிலில் பயன்பாடு முடிந்த சாமான்களை எறிய மனமில்லாமல் மண்ணுக்குள் பத்திரமாகப் புதைத்திருக்கிறார்கள்!

இவற்றில் பாலோ நீரோ எடுத்துப் போய் தெய்வங்களுக்கும் இறந்தவர்களுக்கும் ஊற்றுவார்கள். நைல் நதியிலுள்ள ஃபிலே தீவிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை ஐசிஸ் படகேறிப் பக்கத்துத் தீவிலுள்ள தன் கணவன் ஒசிரிஸின் கல்லறைக்குப் போவாளாம். அங்கே பால் வார்ப்பார்கள்.

சரி, எனக்கு அந்த வாளியைப் பிடித்த கைகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எகிப்தின் தீப்ஸ் நகரில் பிறர் வீட்டு இறந்தவர்களுக்கு நீர் ஊற்றுவதே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு கல்லறையின் உரிமையையும் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்வார்கள், விற்கவும் செய்வார்கள். ஹெர்மியாஸ் என்ற படை அதிகாரி, அவர்கள் குடியிருந்த வீடு தன்னுடையது என்று வழக்குப் போட்டார். பிணத்தைப் பதப்படுத்துகிறவர்கள் ஊருக்குள் இருக்கக் கூடாது என்றும் வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீல், “இவர்கள் அந்த வேலை செய்கிறவர்கள் இல்லை, நீர் ஊற்றுகிறவர்கள், ஆமூன் தெய்வத்தின் திருவிழாவிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு” என்று பதில் சொன்னார். கி.மு. 117-இல் ஹெர்மியாஸ் தோற்றார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்!

இதெல்லாம் வாளிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் இன்னும் எத்தனையோ பேர் நின்று பார்ப்பார்கள். அந்த வழக்கை எழுதி வைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாள் இப்போது டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலி போகலாமா என்று மகள் கேட்டதும் டூரின் என்று சொல்லிவிட்டேன். வரும்போது உனக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
கமலா