ஒரே வரி, பல சங்கதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் அண்மையில் நடந்த கச்சேரி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான விமரிசனத்தில், பாடகர் பாடலின் தொடக்கப் பகுதியான பல்லவி வரியையே திரும்பத் திரும்பப் பாடி நேரத்தைக் கடத்தினார் என்று எழுதப்பட்டிருந்ததை ஏற்க இயலவில்லை. தியாகராஜர் (1767–1847) தம் கிருதிகளில் (கர்நாடக இசைப் பாடல்களில்) விரிவாகக் கையாண்ட சங்கதி முறையில், சொற்கள் அப்படியே நிற்க, முதலில் எளிமையாக வரும் மெட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சிறிது மாறி, படிப்படியாக விரிந்துகொண்டே போகிறது. சொல் மாறாமல் இருப்பதால்தான் மாறும் சுரம் காதில் படுகிறது. பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’ சுரத்தை) நோக்கி ஏறுவதும், அதன் பின் வரும் சரணம் நிதானமாக மத்திய ஸ்தாயியில் (குரலின் நடு மட்டத்தில்) தொடங்குவதும், இடையிடையே பல்லவி திரும்புவதும் தெரிந்தே செய்யப்பட்ட ஏற்பாடு. வர்ணம் என்ற பாடல் வகையின் பிற்பகுதியில் இது இன்னும் வெளிப்படை: எத்துக்கடை சுரங்கள் (சரண வரியைத் தொடர்ந்து பாடப்படும் சுரத் தொகுதிகள்) போகப்போக நீண்டு செல்ல, ஒவ்வொன்றுக்குப் பின்னும் அதே சரண வரி வந்து நிற்கும். முதன்மை மெட்டு இடையிடையே திரும்பி வரும் மேற்கத்திய இசையின் ரோண்டோ வடிவமும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் நடக்கிறது. (எல்லாப் பாடகர்களும் இதைச் சுவையாகச் செய்துவிடுவதில்லை என்பது வேறு விஷயம்.) பல்லவி மாறுதல் ஏதுமின்றி வந்திருந்தால் குறை சொல்லலாம்; இல்லையெனில், எந்தச் சங்கதி சலித்தது என்பதையாவது விமரிசகர் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இசை ரசிகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.