வார்டு ஓட்டுக்கு 1, 2, 3 எழுத விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 பிப்ரவரியில் நடந்த நகராட்சித் தேர்தலின்போது எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரின் கையில் வாக்காளர் லிஸ்ட் இருந்தது. சில வீடுகளுக்குப் பென்சிலில் டிக், மற்றவற்றுக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் போட்ட வாசல்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டேன். "அது நம்ம ஓட்டு இல்ல சார்" என்றார்.

எங்கள் ஊரான நீலகிரி கூடலூரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், மலையாளிகள், கன்னடம் பேசுவோர், செட்டிமார், பணியர், குறும்பர் என அடுத்தடுத்த சரிவுகளில் குடியிருக்கிறோம். ஐந்தாறு பேர் நிற்கும் வார்டில் தன் ஆட்களின் ஓட்டு சிதறாமல் விழுந்தால் போதும், நூற்றுக்கு முப்பது வாங்கியவரும் கவுன்சிலர் ஆகிவிடலாம். சாக்கடை அடைத்தால் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்கும் ஒரு பெண் சுயேச்சையாக மனு போட்டார். "ஓட்டைப் பிரிக்காதம்மா" என்று டீக்கடையில் வைத்தே பேசிப் பேசி வாபஸ் வாங்க வைத்தார்கள்.

பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று வரிசையாக எழுதும் முறை இருந்தால் அவர் தாராளமாக நின்றிருக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகளை அவற்றில் 2 எழுதியிருப்பவர்களுக்குச் சேர்ப்பார்கள். குடியரசுத் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே எம்.பி., எம்.எல்.ஏ. ஒவ்வொருவரின் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு; 1969இல் வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்த மதிப்பு 4,01,515, தேவையோ 4,18,169. இரண்டாம் விருப்பங்களும் சேர்ந்துதான் 4,20,077 ஆனது. டெல்லிவரை போவானேன்? முதுமலை, பந்திப்பூர் தாண்டினால் குண்டல்பேட்டை. அந்த ஊர்ப் பட்டதாரிகள் கர்நாடக மேலவைத் தேர்தலில் இன்றும் 1, 2, 3 எழுதுகிறார்கள்.

இது வந்தால் பெருக்கல் குறி போட்ட வீட்டுப் படியையும் ஏறியாக வேண்டும். "முதல் ஓட்டு உங்க ஆளுக்கே போடுங்க, ரெண்டாவதை எனக்குப் போடுங்க" என்று கேட்க வேண்டும். கேட்கப் போனால் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் காதில் விழும்.

எல்லா ஊரிலும் திணிக்கச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் 2001இல் வந்த சட்டப்படி, பழைய முறையா, வரிசை முறையா என்பதை அந்தந்த ஊர் மன்றமே முடிவு செய்யலாம். வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வெலிங்டன் வரிசை முறைக்கு மாறியது, ஆக்லாந்து பழையதிலேயே இருக்கிறது. நம் அரசமைப்பின் 243இசட்ஏ பிரிவும் நகராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றும் பொறுப்பை மாநிலத்திடம்தான் விட்டிருக்கிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. இப்போதுள்ள இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தத்தான் வழி, ஆகவே காகிதச் சீட்டுக்குத் திரும்ப வேண்டும். செல்லாத ஓட்டும் கூடும். 1 மட்டும் எழுதினாலும் செல்லும் என்று விதி வைத்தால் அது ஓரளவு குறையும். சரி, சீட்டு நமக்கென்ன புதிதா? ஊராட்சித் தேர்தலில் கலர் கலராக நான்கு சீட்டு வாங்கிக் குத்துகிறோமே. எங்கள் வார்டு ஓட்டு மொத்தத்தையும் ஒரே மேஜையில் கொட்டி எண்ணிவிடலாம்.

கூடலூரிலோ பக்கத்து நகராட்சியான நெல்லியாளத்திலோ முதலில் செய்து பார்க்கட்டும். விரும்பும் நகராட்சி மாறிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி.